‘பேராசிரியர்’ இழந்த எட்டு விநாடிகள்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதச் சொன்னால் நம்மில் பாதிப் பேர் கவிதை எழுதுவோம், மீதிப் பேர் நட்பைப் பற்றி எழுதுவோம். நான் ஒரு சைக்கிளைப் பற்றியும் அதை ஓட்டிய ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றியும் எழுதப் போகிறேன். அவர் பெயர் லோராங் ஃபின்யோன். உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸை இரண்டு முறை ஜெயித்தவர். ஆனால் மூன்றாவது முறை எட்டே விநாடியில் தோற்றதைத்தான் உலகம் இன்றுவரை பேசுகிறது.

இது விளையாட்டுப் பக்கத்துக்குப் போக வேண்டிய கட்டுரை என்று நினைக்காதீர்கள். நாம் படிக்கும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரின் ஒரு கணக்கு இதற்குள் முழுசா இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டால், ஃபின்யோன் ஏன் தோற்றார் என்பதோடு, கண்ணெதிரே இருந்த ஒன்றை ஒரு பெரிய குழு எப்படிக் கவனிக்காமல் விட்டது என்பதும் விளங்கும்.

பந்தயம் எப்படி நடக்கிறது?

முதலில் விதிகளைத் தெரிந்துகொள்வோம். டூர் டி பிரான்ஸ் 1903-இல் ஆரம்பித்தது. ஜூலை மாதத்தில் சுமார் மூன்று வாரம் நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். ஒருவர் எல்லாக் கட்டங்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டுவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்கு முதல் இடம். அந்தந்த நாள் கணக்குப்படி முதலில் இருப்பவர் மறுநாள் மஞ்சள் சட்டை போட்டு ஓட்டுவார்.

சாதாரண நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கும்பலாக ஓட்டுவார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னால் வருபவருக்கு உழைப்பு நன்றாகக் குறையும். அதனால்தான் ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு குழு இருக்கிறது. குழுவினர் மாறி மாறி முன்னால் போய்த் தலைவரைக் காற்றிலிருந்து காப்பாற்றுவார்கள்.

ஆனால் ‘டைம் ட்ரையல்’ என்று சில நாட்கள் உண்டு. அன்றைக்கு ஒவ்வொருவரையும் இடைவெளி விட்டுத் தனித்தனியாக அனுப்புவார்கள். முன்னால் யாரும் இல்லை, ஒளிய இடம் இல்லை. மனிதன், சைக்கிள், கடிகாரம், காற்று, அவ்வளவுதான். நம்ம கதை முழுக்க இந்த டைம் ட்ரையலில்தான் நடக்கிறது.

கண்ணாடி போட்ட இளைஞர்

ஃபின்யோன் 1960 ஆகஸ்டு 12 அன்று பாரிஸில் பிறந்தார். வளர்ந்தது பாரிஸுக்குக் கிழக்கே தூர்னான்-ஆன்-பிரி என்ற ஊரில். அப்பா உலோகப் பட்டறையில் மேற்பார்வையாளர், அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டார். மகன் சைக்கிள் பந்தயத்தில் சேருவது பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஆரம்பத்தில் வீட்டுக்குத் தெரியாமல்தான் ஓட்டினார். 1976-இல் தன் முதல் பந்தயத்தையே ஜெயித்தார்.

பள்ளி இறுதித் தேர்வில் தேறி, பாரிஸுக்கு வடக்கே வில்தானூஸில் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எடுத்த பாடம் என்ன தெரியுமா? கட்டமைப்பும் பொருளறிவியலும். ஏறக்குறைய நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் குடும்பம்தான்! மனசு பந்தயத்தில் இருந்ததால் அங்கே நீடிக்கவில்லை. ராணுவ சேவையை விளையாட்டு வீரர்களுக்கான ஜுவான்வில் படைப்பிரிவில் முடித்தார்.

அந்தக் காலத்தில் சைக்கிள் வீரர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்திலிருந்தும் தொழிலாளர் குடும்பத்திலிருந்தும் சீக்கிரமே படிப்பை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் நடுவில் கல்லூரி வாசல் மிதித்த ஒருவர், அதுவும் வட்டக் கண்ணாடி போட்டவர், வந்து நின்றால் என்ன பட்டப்பெயர் வைப்பார்கள்? ‘பேராசிரியர்’ என்று வைத்தார்கள். கடைசி வரை அந்தப் பெயர் போகவில்லை.

1981-இல் கோர்சிகா தீவில் அமெச்சூர்களும் தொழில்முறை வீரர்களும் சேர்ந்து ஓட்டிய ஒரு பந்தயம். அதில் அப்போதைய முதல் வீரர் பெர்னார் இனோவின் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு இந்தப் பையன் ஓட்டியதை ரெனோ குழுவின் மேலாளர் சிரில் கிமார் பார்த்தார். 1982-இல் ஃபின்யோன் ரெனோ குழுவில் தொழில்முறை வீரர். அந்த ஆண்டே இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில் ஒரு நாள் தலைவர் சட்டையான இளஞ்சிவப்புச் சட்டையைப் போட்டார். பிறகு இனோவுக்காக உழைத்தார், இனோ ஜிரோவை ஜெயித்தார்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் புளுவா–ஷாவில் பந்தயத்தில் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, முடிவுக்குச் சற்று முன்பு கிராங்க் பக்கம் பாகம் முறிந்து கீழே விழுந்தார். மெட்டீரியல்ஸ் படித்தவரை மெட்டீரியலே காலை வாரிவிட்டது.

22 வயதில் மஞ்சள் சட்டை

1983-இல் இனோவுக்கு முழங்கால் பிரச்சினை. டூருக்கு அவர் வரவில்லை. தலைவன் இல்லாத குழுவில் முதல் முறையாக டூருக்கு வந்தவர் ஃபின்யோன். யாரும் அவரைப் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. பாஸ்கல் சிமோன் என்ற இன்னொரு பிரெஞ்சு வீரர் மஞ்சள் சட்டையைப் பிடித்தார். மறுநாளே அவர் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தது. உடைந்த எலும்போடு நாள் கணக்கில் ஓட்டி, கடைசியில் ஆல்ப் தூயெஸ் மலைக்குப் போகும் 17-ஆவது கட்டத்தில் பந்தயத்தை விட்டார். சட்டை ஃபின்யோனிடம் வந்தது.

‘அடுத்தவன் விழுந்ததால் கிடைத்த சட்டை’ என்று பேசுவார்கள் அல்லவா? அதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. பாரிஸுக்கு முந்தின நாள் டிஜோன் டைம் ட்ரையலை ஜெயித்துக் காட்டினார். 4 நிமிடம் 4 விநாடி வித்தியாசத்தில் டூரை வென்றபோது அவருக்கு வயது 22. நம்மைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர்.

1984-இல் இனோ வேறு குழுவுக்குப் போய்விட்டார். பழைய தலைவரும் பழைய சீடரும் நேருக்கு நேர். ஃபின்யோன் அந்த ஆண்டு ஐந்து கட்டங்களை ஜெயித்து, இனோவை 10 நிமிடம் 32 விநாடி பின்னால் தள்ளினார். மூன்றாவதாக வந்தவர் ஃபின்யோனின் குழுவிலேயே இருந்த ஒரு அமெரிக்க இளைஞர், கிரெக் லெமாண்ட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெரோனாவில் வந்த முதல் எச்சரிக்கை

1984 டூருக்கு ஒரு மாதம் முன்பு நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஜிரோ பந்தயம். கடைசி நாள் காலையில் ஃபின்யோன் 1 நிமிடம் 21 விநாடி முன்னிலை. மிச்சம் இருந்தது வெரோனா நகரத்தில் முடியும் 42 கி.மீ. டைம் ட்ரையல் மட்டும். எதிரி இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர்.

மோசர் அந்த ஆண்டு ஜனவரியில்தான் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 51.151 கி.மீ. ஓட்டி உலக சாதனை செய்திருந்தார். அதற்கு முந்தைய சாதனை 1972-இல் எடி மெர்க்ஸ் செய்த 49.431 கி.மீ. மோசர் ஓட்டிய சைக்கிளின் சக்கரத்தில் கம்பிகள் கிடையாது. முழுத் தட்டு போல மூடிய சக்கரம். கம்பிகள் சுழலும்போது காற்றைக் கடைந்து சக்தியை வீணாக்கும், மூடிய தட்டில் அந்த வீண் குறையும். அதே மாதிரி சைக்கிளோடு வெரோனாவுக்கு வந்தார். ஃபின்யோனோ வழக்கமான சைக்கிளில் ஓட்டினார்.

மோசர் அன்றைக்கு 2 நிமிடம் 24 விநாடி வேகமாக ஓட்டினார். ஜிரோவை 1 நிமிடம் 3 விநாடியில் ஜெயித்தார். டி.வி. ஹெலிகாப்டர் தாழப் பறந்து தன் மீது காற்றை அடித்தது என்று ஃபின்யோன் கடைசி வரை புகார் சொன்னார். அது உண்மையோ இல்லையோ, சக்கரம் மாறியது உண்மை. காற்றை மதித்தவர் ஜெயித்தார், மதிக்காதவர் தோற்றார். இது முதல் எச்சரிக்கை.

நான்கு வருட இருட்டு

1985-இல் குதிகால் தசைநாணில் அறுவை சிகிச்சை. அந்த வருட டூர் போச்சு. வருடக் கடைசியில் ரெனோ கம்பெனியும் பந்தயத்தை விட்டு விலகியது. குழு புதிய ஸ்பான்சரோடு தொடர்ந்தது. ஃபின்யோன் அங்கங்கே ஜெயித்தார். 1986-இல் ஃப்ளெஷ் வலோன், 1987 டூரில் லா பிளாஞ் மலைக் கட்டம். ஆனால் பழைய ஃபின்யோன் எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். பத்திரிகைக்காரர்களோடு அவருக்கு ஒத்துப்போகவே இல்லை. சள்ளென்று விழுவார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1987-இலும் 1989-இலும் ஊக்கமருந்துச் சோதனையில் அவர் சிக்கினார். தான் ஆம்ஃபெட்டமினும் கார்ட்டிசோனும் எடுத்ததைப் பின்னாளில் தன் சுயசரிதையிலும் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்துப் பந்தய உலகமே அப்படித்தான் என்பது காரணம் ஆகலாம், நியாயம் ஆகாது. யாரைப் பற்றிப் படித்தாலும் முழுசாகப் படிப்பதுதான் படிப்பு.

1988-இல் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை ஜெயித்தார். 294 கி.மீ. தூரத்தை ஒரே நாளில் ஓட்டும் பந்தயம் அது. 1989-இல் அதையே மறுபடியும் ஜெயித்தார். அதே ஆண்டு, 1984-இல் கைநழுவிய ஜிரோவையும் ஜெயித்தார். 28 வயதில் பேராசிரியர் திரும்பி வந்துவிட்டார்.

1989 ஜூலை

கிரெக் லெமாண்ட் 1986-இல் டூரை ஜெயித்தவர். 1987 ஏப்ரலில் வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாகச் சுடப்பட்டுச் சாவின் விளிம்புக்குப் போனார். பல ஈயக் குண்டுகளை எடுக்க முடியாமல் உடம்புக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் தடுமாறி, 1989-இல் ஒரு சின்னக் குழுவோடு டூருக்கு வந்தார்.

ஜூலை 6. டினார்–ரென் இடையே 73 கி.மீ. டைம் ட்ரையல். லெமாண்டின் சைக்கிள் ஹேண்டில்பாரில் முன்பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு வளைந்த கம்பி. முழங்கைகளை அதன் பட்டைகளில் ஊன்றி, இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி ஓட்டினார். இந்தக் கம்பியை உருவாக்கியவர் பூன் லென்னன் என்ற பனிச்சறுக்குப் பயிற்சியாளர். பனிச்சறுக்கு வீரர்கள் மலையில் இறங்கும்போது கைகளை முன்னால் குவித்துக் குறுகி உட்காருவார்கள். அதே உட்காரலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். முதலில் இதை விரும்பி வாங்கியவர்கள் டிரையத்லான் வீரர்கள்.

அன்றைக்கு லெமாண்ட் ஃபின்யோனைவிட 56 விநாடி வேகம். மஞ்சள் சட்டை 5 விநாடி வித்தியாசத்தில் லெமாண்டுக்கு.

அதற்குப் பிறகு நடந்ததைப் பட்டியலாகவே தருகிறேன்:

பிரெனீஸ் மலையில் சூப்பர்பாஞேர்: ஃபின்யோன் 7 விநாடி முன்னிலை.
ஓர்சியேர்-மெர்லெத் மலை டைம் ட்ரையல்: லெமாண்ட் 40 விநாடி முன்னிலை.
பிரியான்சோன்: லெமாண்ட் 53 விநாடி முன்னிலை.
ஆல்ப் தூயெஸ்: ஃபின்யோன் 26 விநாடி முன்னிலை.
வில்லார்-த-லான்ஸ்: ஃபின்யோன் தனியாகப் போய் ஜெயித்து 50 விநாடி முன்னிலை.

ஊஞ்சல் மாதிரி அங்கும் இங்கும் ஆடியது சட்டை. கடைசியில் ஜூலை 23. பிரெஞ்சுப் புரட்சியின் 200-ஆவது ஆண்டு என்பதால் பந்தயத்தை வெர்சாய் அரண்மனை ஊரிலிருந்து பாரிஸ் ஷான்சேலிசே வரை 24.5 கி.மீ. டைம் ட்ரையலாக முடிக்க ஏற்பாடு. லெமாண்ட் ஜெயிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 2 விநாடிக்கு மேல் பிடுங்க வேண்டும். நடக்காத காரியம் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள்.

ஃபின்யோனுக்கு உட்காரும் இடத்தில் புண். சீட்டில் உட்காரவே முடியாத வலி. ஆனாலும் 50 விநாடி போதும் என்று நம்பினார். அவர் சைக்கிளில் முன்னும் பின்னும் தட்டுச் சக்கரம். வெரோனா பாடத்தைப் படித்துவிட்டார் என்பது தெரிகிறது. ஆனால் ஹேண்டில்பார் சாதாரணம். தலையில் ஹெல்மெட் இல்லை, பின்னால் குடுமி காற்றில் ஆடியது. லெமாண்டுக்கு முன்னால் நீளும் கம்பி, தலையில் பின்பக்கம் கூம்பிய ஹெல்மெட். இடையில் நேரம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று தன் குழுவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

லெமாண்ட்: 26 நிமிடம் 57 விநாடி. ஃபின்யோன்: 27 நிமிடம் 55 விநாடி. வித்தியாசம் 58. முன்னிலை 50. மீதி எட்டு.

கோட்டைத் தாண்டிய ஃபின்யோன் தரையில் சரிந்தார். 3,285 கி.மீ. தூரம், 87 மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், வித்தியாசம் 8 விநாடி. டூர் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் இதுதான். அவர் அன்றைக்கு ஓட்டிய வேகத்தில் 8 விநாடி என்றால் சுமார் 117 மீட்டர்.

இப்போது கணக்கு

நோட்டை எடுங்கள். காற்றுத் தடை விசை = ½ × காற்றின் அடர்த்தி × தடைப் பரப்பு × வேகத்தின் வர்க்கம். தடைப் பரப்பு என்று நான் சொல்வது தடைக் கெழுவையும் எதிர்கொள்ளும் பரப்பையும் பெருக்கியது. திறன் = விசை × வேகம். ஆகவே திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும்.

எண் போட்டுப் பார்ப்போம். அடர்த்தி 1.2, தடைப் பரப்பு 0.30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

நாம் காலேஜுக்கு மிதிக்கும் வேகம் நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. விசை 4.5 நியூட்டன், திறன் 22.5 வாட்.
நொடிக்கு 10 மீட்டர், மணிக்கு 36 கி.மீ.: விசை 18 நியூட்டன், திறன் 180 வாட்.
நொடிக்கு 15 மீட்டர், மணிக்கு 54 கி.மீ.: விசை 40.5 நியூட்டன், திறன் 607.5 வாட்.

வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. நம்ம வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை, அவர்கள் வேகத்தில் காற்றுதான் முதல் எதிரி. தட்டையான ரோட்டில் பந்தய வீரர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றுக்கே போகிறது. அந்தத் தடையிலும் முக்கால்வாசி போல மனித உடம்பால் வருவது, சைக்கிளால் வருவது மிச்சம்தான். ஆகவே விலை கூடிய சக்கரம் மாட்டுவதைவிடக் கைகளைக் குவித்துக் குறுகி உட்காருவது பெரிய லாபம். ஃபின்யோன் சைக்கிளைத் திருத்தினார், லெமாண்ட் உடம்பைத் திருத்தினார்.

அடுத்த படி. லெமாண்டின் சராசரி வேகம் மணிக்கு 54.545 கி.மீ. ஃபின்யோனுடையது 52.66 கி.மீ. இரண்டின் விகிதம் 1.036. கனம் எடுத்தால் 1.11. அதாவது, இரண்டு பேரும் ஒரே திறனைக் கொடுத்தார்கள், காற்றைத் தவிர வேறு தடை இல்லை என்று வைத்தால், லெமாண்டின் தடைப் பரப்பு ஃபின்யோனுடையதைவிட 10 சதவீதம் குறைவாக இருந்திருந்தாலே இந்த 58 விநாடி வந்துவிடும். கம்பியும் ஹெல்மெட்டும் சேர்ந்து அவ்வளவு குறைப்பது நடக்கக்கூடியதுதான்.

இப்போது முக்கியமான கேள்வி. ஃபின்யோன் ஜெயிக்க எவ்வளவு குறைத்திருக்க வேண்டும்? 27 நிமிடம் 55 விநாடி என்பது 1,675 விநாடி. 9 விநாடி குறைத்து 1,666 ஆக்கினால் ஒரு விநாடியில் டூர் அவருடையது. விகிதம் 1.0054. கனம் 1.016. ஆக, தடையில் 1.6 சதவீதம் குறைத்திருந்தால் போதும்!

நூற்றுக்கு ஒன்றே முக்கால்கூட இல்லை. குடுமியை வெட்டியிருந்தாலே ஜெயித்திருப்பார் என்று இன்றும் வேடிக்கையாகப் பேசுகிறார்கள். வேடிக்கையோ உண்மையோ, அந்தக் கம்பி இருந்திருந்தால் 1.6 சதவீதத்தைத் தாராளமாகத் தாண்டியிருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எளிமையாக்கிய கணக்கு. டயர் உராய்வு, வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை பாதை மொத்தத்தில் இறக்கம் என்பது, அன்றைய காற்றின் திசை, இருவரின் உடல் பலம், ஃபின்யோனின் புண் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போட்டது. ஆகவே கம்பி ஒன்றினால் மட்டும்தான் தோற்றார் என்று நான் சாதிக்கவில்லை. லெமாண்ட் அன்றைக்குப் பிரமாதமாக ஓட்டினார் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எட்டு விநாடிக்குள் எவ்வளவு சின்ன விஷயம் அடங்கும் என்பதைக் கணக்கு காட்டுகிறது.

தப்பு எங்கே?

அந்தக் கம்பி விதிக்கு உட்பட்டதா என்று அப்போதே பேச்சு இருந்தது. வீரர் சைக்கிளைத் தொடும் தாங்கு புள்ளிகள் மூன்றுதான் இருக்கலாம், முழங்கை நான்காவது புள்ளி ஆகிவிட்டது என்பது ஃபின்யோனின் வாதம். நடுவர்கள் தடுக்கவில்லை.

என் கருத்து வேறு. ஜூலை 6-ஆம் தேதி ரென் நகரத்தில் அந்தக் கம்பி என்ன செய்யும் என்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. 56 விநாடி! ஜூலை 23 வரை 17 நாள் இருந்தது. கிமாரின் குழு சாதாரணக் குழு கிடையாது. அந்த மனிதர் புதுமைக்குப் பெயர் போனவர். அப்படி இருந்தும், எதிராளியின் கையில் பார்த்த பொருளை வாங்கி மாட்டி, ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி, நேரம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் செய்யவில்லை. மலையில் நாம்தான் பலசாலி, 50 விநாடி போதும் என்ற எண்ணம் அளந்து பார்க்கும் வேலையைத் தின்றுவிட்டது.

லேபில் நமக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? ரீடிங் எடு, பிறகு பேசு. வெர்னியர் இருக்கும்போது கண்மதிப்பு எதற்கு? நாளைக்கு நாம் வேலைக்குப் போகும் பட்டறையில், ‘நாங்க இருபது வருஷமா இப்படித்தான் தம்பி செய்யறோம்’ என்று ஒரு பெரியவர் சொல்லுவார். அவர் அனுபவத்துக்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். ‘அண்ணே, ஒரே ஒரு தடவை மாத்திப் பார்த்து அளந்துடலாமே’ என்று கேட்கவும் வேண்டும். அளந்த பிறகு அவர் சொன்னதே சரி என்று வந்தாலும் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு

தோல்விக்குப் பின் ஃபின்யோன் ஓடி ஒளியவில்லை. 1990-இல் கிரித்தேரியம் இன்டர்நேஷனல் ஜெயித்தார். 1991 டூரில் ஆறாவது இடம். பிறகு இத்தாலியக் குழு ஒன்றில் சேர்ந்தார். ஒரு காலத்தில் தலைவனாக இருந்தவர் அங்கே ஜானி பூன்யோ என்ற இளைஞருக்குத் துணையாக ஓட்டினார். 1992 டூரில் மியூலூஸ் நகரத்துக்குப் போகும் கட்டத்தை ஜெயித்தார். 1993-இல் ஓய்வு. பின்னர் பாரிஸ்–நீஸ் பந்தயத்தைச் சில ஆண்டுகள் நடத்தினார், டி.வி. வர்ணனையாளரும் ஆனார். அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் 2003-இல் அந்திரெய் கிவிலெவ் என்ற வீரர் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் ஹெல்மெட் கட்டாயம் ஆனது.

2009-இல் ஃபின்யோன் தனக்குப் புற்றுநோய் என்று அறிவித்தார். 2010 ஜூலையில் நோயால் குரல் கெட்டுப்போன நிலையிலும் டூர் முழுவதும் மைக் முன்னால் உட்கார்ந்தார். ஆகஸ்டு 31 அன்று பாரிஸில் காலமானார். வயது 50.

அவரைப் பார்க்கிறவர்கள், எட்டு விநாடியில் தோற்றவர் நீங்கள்தானே என்று கேட்பார்களாம். இல்லை, டூரை இரண்டு தடவை ஜெயித்தவன் நான் என்று திருத்துவாராம். இது வெறும் ரோஷம் என்று எனக்குப் படவில்லை. இரண்டு டூர், ஒரு ஜிரோ, இரண்டு மிலான்–சான் ரெமோ, இவ்வளவையும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைத்துவிடுவது நியாயமா? 1985-இல் இனோ ஜெயித்ததற்குப் பிறகு இன்றுவரை எந்தப் பிரெஞ்சு ஆணும் டூரை ஜெயிக்கவில்லை. அதற்கு மிக அருகில் போனவர் இந்த எட்டு விநாடிக்காரர்தான்.

நமக்கு என்ன?

ஃபின்யோன் மாதிரி படிப்பை விட்டுவிட்டு விளையாட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அவருக்குத் தோற்றால் திரும்பிப் போக ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. நம்மில் பலருக்கு இந்தப் பாலிடெக்னிக்தான் டைம் ட்ரையல். முன்னால் காற்றைக் கிழித்துக் கொடுக்க வீட்டில் ஒரு அண்ணனோ அக்காவோ படித்தவர் இல்லை. எந்த பேப்பர் கஷ்டம், எந்த புக் வாங்க வேண்டும், இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், எல்லாம் நாமேதான் தட்டித் தடவிக் கண்டுபிடிக்கிறோம்.

அதனால்தான் எனக்கு அந்த 1.6 சதவீதம் பெரிதாகத் தெரிகிறது. தனியாக ஓட்டுகிறவன் சின்ன விஷயங்களை விடக்கூடாது. பக்கத்து பெஞ்சுக்காரன் ஒரு புது வழியில் கணக்குப் போட்டால், ரிக்கார்டு நோட்டை நேர்த்தியாக வைக்க ஒரு முறை கண்டுபிடித்தால், கூச்சப்படாமல் கேட்டு வாங்கிச் செய்து பாருங்கள். சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொஞ்ச தூரமாவது முன்னால் போய்க் காற்றைக் கிழித்துக் கொடுங்கள். பின்னால் வரும் ஜூனியருக்கு அது எவ்வளவு மிச்சம் என்பதற்குக் கணக்கு மேலே இருக்கிறது.

அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு மார்க்கில் போன பேப்பரை வைத்து உங்களை யாராவது அடையாளம் சொன்னால், ஃபின்யோன் மாதிரித் திருத்துங்கள். பாஸ் பண்ணிய பேப்பர்களையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். அடுத்த ஜூலைக்கு முன்னால் அந்தக் கம்பியை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.